அலுவலகமாக இருந்த வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், டர்பன் நடுவில் பழைய அலுவலகக் கட்டடங்களை ஃபிளாட்டுகளாக மாற்றி விற்பதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதப் பக்கம் முழுக்க. புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: சொத்துப் பத்திரம் பதியும் வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது குடியிருப்பது, ஒரு காலத்தில் கப்பல் கம்பெனி ஆபீஸாக இருந்த கட்டடத்தில். அங்கே கட்டடத்தை நிர்வகிக்க உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகளில் நானும் ஒருத்தி.

அக்கா, என் மகன் ஸ்மித் தெருப் பக்கம் (பெயர் மாறினாலும் எங்கள் வாயில் அதுதான் வருகிறது) 1930களில் கட்டிய இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டடத்தில் ஒரு ஃபிளாட் வாங்கப் பார்க்கிறான். வாசலில் பளிங்கு, பித்தளைக் கைப்பிடி, எல்லாம் அழகு. விலை எங்கள் வீட்டு விலையில் பாதிகூட வராது. அதுதான் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? - ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. ஆனால் அதற்காக வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் பளிங்கை விட்டுவிடுங்கள், அது நம் எல்லோரையும் விட அதிக நாள் இருக்கும். குழாயைப் பாருங்கள். ஆபீஸ் என்பது பகலுக்காகக் கட்டியது. ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அங்கே யாரும் குளித்ததில்லை, சமைத்ததில்லை, துணி துவைத்ததில்லை. ஒவ்வொரு மாடியிலும் லிப்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கழிப்பறைகள் இருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு அதே மாடியில் ஏழெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு குளியலறை, ஒரு சமையலறை. இத்தனை கழிவுநீரும் பழைய இடத்துக்கு வந்து சேர வேண்டும், அதற்குக் குழாயில் சரிவு வேண்டும். நல்ல கட்டடக்காரர் குளியலறைத் தரையை ஒரு படி உயர்த்தி, அதன் அடியில் குழாயை ஓட்டுவார். மற்றவர்கள் கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில் ஓட்டி, பொய்க்கூரை போட்டு மூடிவிடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் மேல்வீட்டுக்காரர் ஃபிளஷ் இழுப்பது உங்கள் மகன் தலைக்கு மேலே கேட்கும். ஒழுகினால் அவன் கட்டிலில்தான் விழும். பொய்க்கூரையில் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே ஒரு பதில்.

ஏஜெண்ட் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லுவார். சரி, போய்ப் பாருங்கள். அப்புறம் ஒரு வேலைநாள் சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பப் போங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கிற, சமைக்கிற, குளிக்கிற நேரம் அது. ஷவரைத் திறந்தால் தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது, லிப்டுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, பக்கத்து வீட்டு டிவி எந்தச் சுவர் வழியாகக் கேட்கிறது, எல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய வெளிச்சுவர்கள் கனமானவை. உள்ளே வீடுகளைப் பிரிக்கப் புதிதாகப் போட்ட சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள்: செங்கலா, பலகையா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். தண்ணீர் நின்றால் கட்டடம் எத்தனை மணி நேரம் தாங்கும், ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, பம்ப் இருக்கிறதா, மின்சாரம் போனால் அந்தப் பம்ப் ஓடுமா என்று வாசலில் இருக்கும் காவல்காரரிடம் கேளுங்கள். ஏஜெண்டை விட அவருக்கு அதிகம் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். ஆபீஸ் மாடிகள் அகலமானவை, நடுப்பகுதி இருட்டாக இருந்தாலும் விளக்கைப் போட்டு வேலை நடந்தது. மாற்றிக் கட்டும்போது அந்த நடு இருட்டில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் தடுத்து, இரண்டாவது படுக்கையறை என்று விளம்பரம் செய்கிறார்கள். நம் நாட்டுக் கட்டட விதிப்படி மனிதர் வசிக்கும் அறைக்கு, தரைப்பரப்பில் குறைந்தது 10 சதவீதம் அளவுக்கு இயற்கை வெளிச்சம் வரும் ஜன்னல் வேண்டும். ஜன்னல் இல்லாத அறைக்குப் படுக்கையறை விலை கொடுக்காதீர்கள்.

இனி காகிதங்கள், இதில்தான் என் வாழ்க்கையே போனது. கட்டடத்தின் உபயோகம் மாறியதற்கு நகராட்சி கொடுத்த குடிபுகு சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். விதிப்புத்தகத்தில் ஆபீஸ் ஜி1 வகை, ஃபிளாட்டுகள் எச்3 வகை. சான்றிதழில் எது எழுதியிருக்கிறது என்று உங்கள் மகன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு, பாடி கார்ப்பரேட்டின் (ஃபிளாட் உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு) கடைசி மூன்று வருட ஆண்டுக்கூட்டக் குறிப்புகள், தணிக்கை செய்த கணக்கு, பத்து வருடப் பராமரிப்புத் திட்டம். இந்தத் திட்டமும் அதற்கான ரிசர்வ் நிதியும் 2016 அக்டோபரிலிருந்து சட்டப்படி கட்டாயம். கூட்டக் குறிப்புகளைக் கதை மாதிரி உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஒரே மொட்டைமாடி ஒழுகல் மூன்று வருடமும் வருகிறதா? லெவி என்கிற மாதப் பராமரிப்புப் பணம் கட்டாதவர்கள் எத்தனை பேர்? நகராட்சிக்குத் தண்ணீர் பாக்கி உண்டா? விலை குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான் இருக்கும். பாக்கி பெரிதாக இருந்தால் நாளைக்குச் சிறப்பு லெவி என்று உங்கள் மகன் தலையில்தான் விழும்.

எல்லாம் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்கட்டும். ஆபீஸ் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ பாரம் தாங்கும்படி கணக்கிடுவார்கள், வீட்டுத் தளத்துக்கு அது சுமார் 150 கிலோதான். அதனால் தளத்தின் பலம் பற்றிக் கவலை குறைவு. உயரமான கூரை, தடித்த சுவர், டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்திலும் உள்ளே ஒரு குளுமை. இப்படிப்பட்ட வீட்டை இன்றைக்கு யாரும் புதிதாகக் கட்டித் தருவதில்லை.

ஜோஹனஸ்பர்க் மார்ஷல்டவுனில் பழைய சுரங்கக் கம்பெனி ஆபீஸில் நானும் மனைவியும் வாடகைக்கு இருக்கிறோம். கட்டடம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருட்டுப் பயம் என்று பின் படிக்கட்டுக் கதவை இரவில் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். சொன்னால் ‘பாதுகாப்புக்குத்தான்’ என்கிறார்கள். - வாசகர், முன்பு லெனேசியா

தம்பி, இந்த இதழில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்த கையோடு எழுந்து போய் அந்தக் கதவைப் பாருங்கள்.

நீங்கள் இருக்கும் அதே மார்ஷல்டவுனில், ஆல்பர்ட் தெரு 80ஆம் எண்ணில், 2023 ஆகஸ்ட் 31 விடியற்காலையில் குறைந்தது 76 பேர் செத்துப்போனார்கள். அதுவும் ஆபீஸாக இருந்த கட்டடம்தான். நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் நகரத்தில் இருப்பதற்கான பாஸ் வாங்க வரிசையில் நின்ற அலுவலகம் அது. பின்னாளில் பெண்கள் காப்பகமானது, கடைசியில் நகராட்சியின் கையில் இருந்தபடியே கைவிடப்பட்டது. உள்ளே பலகையும் அட்டையும் வைத்துத் தடுத்த அறைகள், பூட்டிய கேட்டுகள். ஓய்வுபெற்ற நீதிபதி சிசி கம்பெபே தலைமையிலான விசாரணைக் குழு, கட்டடத்தை அந்த நிலைக்கு விட்டதற்கு நகராட்சியைப் பொறுப்பாக்கியது. உங்கள் கட்டடம் அப்படி இல்லை, தெரியும். ஆனால் நெருப்புக்கு நல்ல கட்டடம் கெட்ட கட்டடம் தெரியாது. பழைய ஆபீஸ்களில் லிப்ட் குழி, கேபிள் குழி, கடிதம் போடும் குழாய் என்று அடிமாடியிலிருந்து உச்சி வரை ஓட்டைகள் ஓடும். அவற்றை மாடிக்கு மாடி அடைக்காமல் விட்டிருந்தால் புகை சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அந்தப் பின் படிக்கட்டு.

திருடனும் வரக்கூடாது, குடியிருப்பவரும் சிக்கக்கூடாது என்றால் அதற்குப் பூட்டு இருக்கிறது. உள்ளிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் சாவி இல்லாமல் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. செலவு பெரிதல்ல. கட்டட மேலாளருக்குத் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். சங்கிலி தெரிகிற மாதிரி படம் எடுத்து இணையுங்கள். பதில் வராவிட்டால் நகரத் தீயணைப்புத் துறையின் பரிசோதனைப் பிரிவுக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். வீட்டு உரிமையாளரோடு தகராறானால் கௌடெங் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. அதுவரை மனைவியோடு ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே படிக்கட்டு வரை நடந்து பாருங்கள். எத்தனை கதவு தாண்ட வேண்டும் என்பது கைக்கும் காலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஃபிளாட்டில் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கருவாடு வறுத்தால், நண்டுக் கறி வைத்தால் மாடி முழுக்க வாசம். எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். சாமிக்குச் சாம்பிராணி போட்டால் புகை அலாரம் அலறுகிறது. புரட்டாசி வேறு வரப்போகிறது. என்ன செய்வது? - வாசகி, டர்பன்

தங்கச்சி, குற்றம் உங்கள் கருவாட்டில் இல்லை, அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் பெட்டியில் இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய் இருக்கிறதா, அல்லது வடிகட்டி வழியாக இழுத்து உங்கள் முகத்திலேயே திருப்பி ஊதுகிறதா? மாற்றிக் கட்டிய ஆபீஸ்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதற்குள் கரி வடிகட்டி ஒன்று உண்டு. அது சில மாதத்தில் செத்துவிடும், கழுவினால் உயிர் வராது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். நம் சமையலுக்கு இன்னும் சீக்கிரமே மாற்றுங்கள். உலோக வலையை மட்டும் வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவலாம்.

நிரந்தரத் தீர்வு வெளியே போகும் குழாய்தான். ஆனால் ஆளைக் கூப்பிட்டு வெளிச்சுவரில் ஓட்டை போட்டுவிடாதீர்கள். அந்தச் சுவர் பொதுச்சொத்து. கட்டடம் 60 வயது தாண்டியதென்றால் மரபுக் காப்பு அனுமதியும் வேண்டும். டிரஸ்டிகளிடம் எழுதிக் கேளுங்கள்: பயன்படாத பழைய காற்றுக் குழி ஏதாவது உங்கள் சமையலறை வழியாக ஓடுகிறதா என்று. பழைய ஆபீஸ்களில் கழிப்பறைக் காற்றுக்காக விட்ட குழிகள் மூடிக் கிடக்கும். எங்கள் கட்டடத்தில் அப்படி ஒன்றைத் திறந்து, உச்சியில் ஒரு விசிறி வைத்து, ஒரு வரிசை வீடுகளுக்கே விடிவு கிடைத்தது.

வீட்டு வாசற்கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் பாருங்கள். வாசம் வெளியேறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். அடியில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டினால் பாதி தீரும். புகாரைப் பொறுத்தவரை, தொந்தரவு பற்றி விதி போட பாடி கார்ப்பரேட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் சாப்பாட்டைக் குறிவைத்து விதி போட முடியாது. அப்படி ஏதாவது எழுத்தில் வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

சாம்பிராணிக்கு வருவோம். அலாரத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள், மேலே மார்ஷல்டவுன் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். புகையை உணரும் கருவி வேறு, சூட்டை உணரும் கருவி வேறு. சமையலறையிலும் அதை ஒட்டிய சாமி மூலையிலும் சூட்டை உணருவதை மாட்டித் தரச் சொல்லி, கட்டடத்தின் தீப்பாதுகாப்புக் கம்பெனியிடம் டிரஸ்டிகள் மூலம் கேளுங்கள். கட்டடம் முழுக்க இணைந்த அலாரம் என்றால் நீங்களாகக் கழற்றக் கூடாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எத்தனை மணிக்குப் பூசை என்று எதிர்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு தட்டு வடையும் பாயசமும் கொண்டுபோங்கள். புகார் கொடுத்த மனிதர் என்று ஒதுக்க வேண்டாம், அதே நடையில்தான் இன்னும் பல வருடம் இரண்டு பேரும் நடக்க வேண்டும்.

லிப்டை மாற்றச் சிறப்பு லெவி போட்டிருக்கிறார்கள். கீழ்த்தளத்துக் கடைக்காரர் ‘நான் லிப்டே ஏறுவதில்லை, கட்ட மாட்டேன்’ என்கிறார். எட்டாம் மாடியில் முட்டிவலியோடு என் அம்மா இருக்கிறார். யார் சொல்வது சரி? - வாசகர், டர்பன்

கடைக்காரர் கட்டத்தான் வேண்டும். செக்‌ஷனல் டைட்டிலில், அதாவது ஃபிளாட் தனித்தனியாகவும் மற்ற பகுதி பொதுவாகவும் சொந்தமாக இருக்கும் முறையில், லிப்ட் பொதுச்சொத்து. எல்லோரும் அவரவர் பங்கு விகிதப்படி கொடுக்க வேண்டும், யார் ஏறுகிறார் யார் ஏறவில்லை என்ற கணக்கு கிடையாது. மொட்டைமாடி ஒழுகலுக்கு அவரும்தான் கொடுக்கிறார், அவர் கடை முன்னால் இருக்கும் நடைபாதைக் கூரைக்கு உங்கள் அம்மாவும் கொடுக்கிறார். விதிகள் வேறு மாதிரி பதிவாகியிருந்தால் மட்டும் கதை வேறு, அதனால் பதிவான விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோபத்தில் லெவியை நிறுத்திவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சர்ச்சை என்றால் இப்படிப்பட்ட குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்கும் சமூகக் குடியிருப்பு ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். கோர்ட்டை விட மலிவு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேலே ஏறி ஐந்து மணிக்குக் கீழே இறங்கிய லிப்ட் அது. இப்போது ராத்திரி பகலாக, சோபா, ஃபிரிட்ஜ், குழந்தை வண்டி எல்லாம் ஏற்றுகிறது. அது தேயும் என்று பத்து வருடத் திட்டத்தில் முதலிலேயே எழுதியிருந்தால் சிறப்பு லெவியே வந்திருக்காது. அடுத்த ஆண்டுக்கூட்டத்துக்கு நீங்கள் போவீர்களா? நம் ஆட்கள் கூட்டம் என்றால் நமக்குப் பதிலாக இன்னொருவர் ஓட்டுப் போடும் பிராக்ஸித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். அப்புறம் முடிவைக் குறை சொல்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் அப்பா நகரத்தில் ஒரு வங்கிக் கட்டடத்தில் டீ கொண்டுபோகும் ஆளாக முப்பது வருடம் வேலை செய்தார். முன்வாசல் அவருக்குக் கிடையாது, வெள்ளையர் லிப்டும் கிடையாது. சந்து வழியாகப் போய்ச் சரக்கு லிப்டில் ஏறுவார். இப்போது என் பேத்தி அதே கட்டடத்தில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். வந்து பாருங்கள் தாத்தா என்கிறாள். எனக்குப் போக மனம் வரவில்லை. - பெரியவர், டோங்காட்

ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

என் ஆயா மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். டர்பன் நகராட்சியில் வேலை செய்த நம் தொழிலாளர் குடும்பங்களை நகராட்சி அங்கேதான் வைத்திருந்தது. இந்த நகரத்தின் தெருவைப் பெருக்கியது அவர்கள், குப்பையை அள்ளியது அவர்கள். 1950-இல், எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குழு வாழிடச் சட்டம் வந்தது, 1960களில் பேரக்ஸைக் காலி செய்து எல்லோரையும் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். கிரே தெருவில் கடைக்கு மேலே நம்மவர் குடியிருந்தார்கள் என்பது உண்மைதான். அதைத் தாண்டி ஊர் நடுவில் இருந்த இந்தப் பெரிய கட்டடங்கள் நமக்குச் சம்பளம் வாங்கும் இடம் மட்டும். அந்தச் சட்டம் ஒழிந்தது 1991-இல். உங்கள் பேத்தி அதற்குப் பிறகு பிறந்தவளாக இருப்பாள்.

போக வேண்டாம் என்று உங்கள் மனம் சொல்வதில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்லுவேன். அவள் அந்த வீட்டைப் பளிங்கும் தேக்குப் பலகையுமாக மட்டும் பார்க்கிறாள், அவளுக்கு அதற்கு மேல் தெரிய வழியில்லை. சந்துக் கதவு எது, சரக்கு லிப்ட் எங்கே நின்றது, டீ போட்ட அறை எந்த மாடியில் என்பதெல்லாம் கட்டட வரைபடத்தில் இருக்காது. மாற்றிக் கட்டும்போது முதலில் இடிப்பதும் அவற்றைத்தான். அந்த இடங்களை அறிந்தவர்களில் மிச்சம் இருப்பது உங்களைப் போன்ற சிலர். முன்வாசல் வழியாகவே போங்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் காட்டுங்கள், அவள் போனில் பதிந்துகொள்ளட்டும். அப்பா அணிந்த சீருடை, மேலாளர்கள் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது, வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார் என்பது, எல்லாம் சொல்லுங்கள்.

இந்தக் கட்டடங்களின் வாசலில் கட்டடக் கலைஞர் பெயரும் திறந்துவைத்தவர் பெயரும் கல்லில் இருக்கின்றன. டீ கொண்டுபோனவர், லிப்ட் ஓட்டியவர், ராத்திரி தரை துடைத்தவர் பெயர் எங்கும் இல்லை. டிரஸ்டிகளாக இருக்கும் வாசகர்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: வரவேற்பறையில் ஒரு சிறு பலகைக்கு இடம் கொடுங்கள். எங்கள் கட்டடத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர நான் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பெயர்கள் குறைவு, ஆனால் கிடைக்கின்றன. உங்கள் அப்பா பெயரையும் அந்தக் கட்டடத்தின் டிரஸ்டிகளுக்கு அனுப்புங்கள் ஐயா. கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இரும்பு ஜன்னல்கள் துருப்பிடித்துவிட்டன. அலுமினியம் போடலாமா? - வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கட்டடத்துக்கு 60 வயது தாண்டிவிட்டதா? அப்படியென்றால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. நம் மாகாணத்தில் மரபுக் காப்பு அமைப்பான அமாஃபாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் பாடி கார்ப்பரேட் ஒப்புதல் வேண்டும், ஏனென்றால் தெருவிலிருந்து தெரியும் முகப்பு எல்லோருக்கும் சொந்தம்.

எனக்குக் கேட்டால் மாற்றவே வேண்டாம். பழைய இரும்புச் சட்டத்தில் பெரும்பாலும் அடிக்கம்பி மட்டும்தான் போயிருக்கும், மழைநீர் தங்குவது அங்கேதான். அதை வெட்டி எடுத்து, புதுக் கம்பி பற்றவைத்து, துரு எல்லாம் சுரண்டி, துத்தநாகப் பூச்சு அடித்து, அப்புறம் பெயிண்ட். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய புட்டிப் பசையைச் சுரண்டிப் புதிது வைத்தால் காற்றும் நுழையாது. வெல்டிங் தெரிந்த ஆள் ஒருவரும் பொறுமையும் இருந்தால் போதும்.

பால்கனி இல்லை. துணியை எங்கே காயப்போடுவது? - வாசகி, டர்பன்

ஜன்னலில் தொங்கவிடக் கூடாது, நடத்தை விதிகளில் பெரும்பாலும் தடை இருக்கும். மொட்டைமாடியைக் கேளுங்கள். பல ஆபீஸ் கட்டடங்களில் காவலாளிக்காக மேலே ஓர் அறையும், அதை ஒட்டி வெட்டவெளியும் உண்டு, பூட்டியே கிடக்கும். நாலு வீட்டுப் பெண்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கைப்பிடிச் சுவர் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கொடி கட்ட அனுமதி வாங்குங்கள். வீட்டுக்குள் காயப்போட்டால் டர்பன் ஈரத்துக்குச் சுவரில் பூஞ்சை வந்துவிடும். கடற்கரைப் பக்கக் கட்டடம் என்றால் இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள்.